கைக்கருவிகள்: உள்நாட்டுப் பட்டறைகள் ஏன் அணைந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரவேலையும் இரும்புவேலையும் செய்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு பேச்சு கட்டாயம் வரும்: “முன்பு மாதிரி கருவி இப்போது எங்கே கிடைக்கிறது?” அடுத்த வார்த்தையே இறக்குமதி மீது பாயும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பாதி இடத்தைத்தான் பார்க்கிறது. புதிதாகக் கருவி பிடிப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே பல ஆண்டுகள் எனக்குள் கேட்டுக்கொண்டவற்றையும் சேர்த்து, பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்துப் பட்டறைகளின் கதையை வைத்து இங்கே எழுதுகிறேன்.

கைக்கருவி என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

மோட்டார் இல்லாமல் கையின் பலத்தில் வேலை செய்யும் எல்லாவற்றையும். உளி, இழைப்புளி, ரம்பம், அரம், சுத்தியல், கோடரி, குறடு, ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், கத்தரிக்கோல். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: எஃகும் அதற்கு ஏற்றிய பதமும்.

மலிவான இறக்குமதி வந்ததால்தானே உள்நாட்டுத் தொழிற்சாலைகள் மூடின?

கடைசி அடியை அடித்தது இறக்குமதி. ஆனால் மரம் அதற்கு முன்பே உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது.

டிஸ்ஸ்டன் ரம்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஹென்றி டிஸ்ஸ்டன் 1840ல் பிலடெல்பியாவில் தொடங்கிய தொழில் அது. தங்களுக்கான எஃகைத் தாங்களே உருக்கி, தொழிலாளர்களுக்கு ஒரு குடியிருப்பையே கட்டி, உலகத்தின் மிகப் பெரிய ரம்பத் தொழிற்சாலை என்று பெயர் எடுத்தார்கள். 1955ல் அது குடும்பத்தின் கையை விட்டுப் போய்விட்டது. அந்த ஆண்டில் சீனாவோடு வணிகமே கூடாது என்று அமெரிக்கா தடை போட்டிருந்தது. அதாவது இன்று நாம் குற்றம் சாட்டும் சீனச் சரக்கு எதுவும் அமெரிக்கக் கடைகளுக்குள் நுழையும் முன்பே டிஸ்ஸ்டன் சாய்ந்துவிட்டது.

சாய்த்தது எது? முதலில் மின்சாரம். 1917ல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் இழுக்கும் விசையும் கொண்ட துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றது. அதன் பின்னால் வட்ட ரம்பம் வந்தது, மின் இழைப்பான் வந்தது. வீடு கட்டும் தச்சர் ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை கையில் எடுத்த ரம்பம், பெட்டியின் அடிக்குப் போனது. ஆண்டுக்கு ஆண்டு குறைவாக விற்கும் பொருளுக்குப் பெரிய தொழிற்சாலையைக் கட்டிக் காப்பது யாருக்கும் கடினம்.

அப்போது முதலாளிகள் எடுத்த முடிவுதான் என்னை அதிகம் வருத்துகிறது. விற்பனை குறைந்ததும் தரத்தை உயர்த்தி நிற்பதற்குப் பதிலாகத் தரத்தைச் சுரண்டினார்கள். பிடிக்கு ரோஸ்வுட் போய்ச் சாயம் பூசிய சாதா மரம் வந்தது, பிறகு பிளாஸ்டிக் வந்தது. வார்ப்பு இரும்பின் அடிப்பகுதியை இழைத்துத் தட்டையாக்குவதில் அவசரம் புகுந்தது. அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனத்துப் பழைய இழைப்புளி தேடுகிறவர்கள் ஏன் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்ததாகப் பார்த்துத் தேடுகிறார்கள்? அந்தப் போருக்குப் பிந்தையவையும் அதே ஊரில், அதே தொழிற்சாலையில் செய்யப்பட்டவைதான். தரம் முதலில் உள்ளூரிலேயே இறங்கியது. இறங்கிய தரத்தை இன்னும் மலிவாகச் செய்ய ஆள் இருக்கும்போது, போட்டி விலையோடு மட்டும் நின்றுவிட்டது. தரம் என்ற ஒரே கேடயத்தை அவர்களே கீழே போட்டுவிட்டிருந்தார்கள்.

அதன் பிறகு கடல் சுருங்கியது. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்து முதலாளி மால்கம் மெக்லீனின் கப்பல் பெட்டிப் பெட்டியாகச் சரக்கை அடுக்கிக்கொண்டு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. கண்டெய்னர் யுகம் அங்கே பிறந்தது. கனமான இரும்புச் சாமானைக் கடல் தாண்டி அனுப்பும் செலவு பெரிதாக உறுத்தாத காலம் வந்தது. பெரிய சங்கிலிக் கடைகள் பெருகின. செய்பவர் விலை சொன்ன நிலை மாறி, வாங்கி விற்பவர் விலை சொல்லத் தொடங்கினார். 2001 டிசம்பர் 11ல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, எல்லாக் கதவும் ஏற்கனவே திறந்திருந்தது.

மலிவுச் சரக்கு என்றாலே ஒரு குறிப்பிட்ட நாட்டுச் சரக்கு என்று சொல்கிறார்களே?

அந்தப் பட்டம் ஊர் ஊராகச் சுற்றி வந்த பட்டம்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகத்தின் நல்ல உளியும் அரமும் ரம்பமும் அந்த ஊர் முத்திரையோடு போயின. அமெரிக்கத் தச்சர்களுக்கும் அதுதான் கருவி. பிறகு அமெரிக்கர்கள் எழுந்தார்கள். கனெக்டிகட்டில் 1826ல் தொடங்கிய காலின்ஸ் நிறுவனத்தின் கோடரிகளும் வெட்டுக்கத்திகளும் லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பேர் வாங்கின. டிஸ்ஸ்டன் ரம்பம் ஷெஃபீல்டு ரம்பத்தை அமெரிக்கக் கடைகளிலிருந்து வெளியே தள்ளியது. அன்றைக்கு ஷெஃபீல்டுக்காரர்கள் அமெரிக்கச் சரக்கைப் பற்றி என்ன புலம்பியிருப்பார்கள் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை.

ஜெர்மனியின் கதை இன்னும் சுவையானது. 1876ல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜெர்மன் நடுவராக இருந்த பொறியாளர் ஃபிரான்ஸ் ருலோ, தன் நாட்டுச் சரக்கைப் பற்றித் தானே எழுதினார்: மலிவு, மட்டம். அக்காலத்தில் ஜெர்மனியிலிருந்து வரும் கத்திகளில் ஷெஃபீல்டு முத்திரை போலியாகப் பொறிக்கப்பட்டு வந்தது. ஷெஃபீல்டுக்காரர்கள் கொதித்தார்கள். 1887ல் பிரிட்டன் வணிகக் குறியீட்டுச் சட்டம் கொண்டுவந்து, அந்நியச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதவைத்தது. ‘ஜெர்மனியில் தயாரானது’ என்ற சொல் அவமானமாக இருக்கட்டும் என்பதே நோக்கம். ஒரு தலைமுறைக்குள் அதே சொல்லைப் பார்த்து மக்கள் தேடி வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஜப்பான் சரக்கை உலகம் கேலி செய்த காலம் உண்டு. இன்று மிக்கி, சன்ஜோ ஆகிய ஊர்களின் உளிக்கும் ரம்பத்துக்கும் மரவேலைக்காரர்கள் காத்துக் கிடக்கிறார்கள். தைவானும் அதே படியில் ஏறியது. தைச்சுங் பகுதியில் செய்யப்படும் ஸ்பானர்களும் சாக்கெட்டுகளும் மேற்கத்தியப் பெயர்களைத் தாங்கி உலகமெங்கும் போகின்றன, நன்றாகவே உழைக்கின்றன.

ஆகவே ஒரு நாட்டு மக்களுக்கு நல்ல கருவி செய்யத் தெரியாது என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு. எந்த நாட்டுப் பட்டறையானாலும், ஆர்டர் கொடுப்பவர் கேட்கும் விலைக்கு ஏற்ற சரக்கைத்தான் செய்து தருகிறது.

விலை குறையும்போது கருவிக்குள் எது குறைகிறது?

கண்ணுக்குத் தெரியாததுதான் முதலில் குறையும். ஓர் உளியை வைத்தே சொல்கிறேன்.

நல்ல உளிக்கு நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு கரி கலந்த எஃகு வேண்டும். அதைக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து உருவாக்கினால் முதல் படி முடிந்தது. அடுத்து உலையில் செந்நிறம் ஏறும் வரை, சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை, சூடேற்றி எண்ணெயிலோ நீரிலோ தோய்க்க வேண்டும். தோய்த்த எஃகு கண்ணாடி மாதிரி. கடினம் உண்டு, தட்டினால் உடையும். அதனால் மறுபடியும் 200 டிகிரிக்குச் சற்று மேல் மெல்லச் சூடேற்றிப் பதம் இறக்க வேண்டும். மெருகிட்ட எஃகின் மேல் வைக்கோல் நிறம் படரும் அந்தக் கட்டத்தைப் பழைய கொல்லர்கள் கண்ணாலேயே பிடித்தார்கள். இன்னும் சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் அது உளிக்கு ஆகாது, ஸ்பிரிங்குக்குத்தான் ஆகும். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில் நல்ல உளி 58க்கும் 62க்கும் நடுவில் நிற்கும். ஐந்தாறு புள்ளி இறங்கினால் முனை மடங்கும், கூடிவிட்டால் பொரிந்து உதிரும்.

இப்போது செலவைக் குறைக்கச் சொன்னால் என்ன செய்வார்கள்? உலையில் இருக்க வேண்டிய நேரத்தைக் குறைப்பார்கள். ஒரே கூடையில் தடித்ததையும் மெலிந்ததையும் சேர்த்துப் போடுவார்கள். பத்துக்கு ஒன்றை எடுத்துக் கடினம் பார்த்தவர்கள் ஆயிரத்துக்கு ஒன்றைப் பார்ப்பார்கள், பிறகு அதையும் விடுவார்கள். சூட்டில் எஃகின் மேல்தோலிலிருந்து கரி வெளியேறி அந்தத் தோல் மென்மையாகிவிடும். அதைச் சாணை பிடித்து எடுக்க வேண்டும். அந்த வேலையைச் சுருக்கிவிட்டு மேலே பளபளப்பும் வார்னிஷும் ஏற்றுவார்கள். கடையில் பார்ப்பவருக்கு விலை கூடிய உளியைவிட இதுதான் அழகாகத் தெரியும்.

இதில் ஏமாறுவது யார் தெரியுமா? புதிதாகக் கற்றுக்கொள்பவர். எனக்கு நேர்ந்தது இது. முதன்முதலில் நான் வாங்கிய உளித் தொகுப்பில் ஒன்றுகூடக் கூர் நிற்காது. கடின மரத்தில் நாலு வெட்டு வெட்டியதும் முனை பொடிந்துவிடும். சாணைக்கல் பிடிக்கும் கோணம் தவறு, என் கைக்கு இந்த வேலை வராது என்று ஒரு வருடம் முழுக்க என்னையே நொந்துகொண்டேன். ஒரு நாள் மூத்த தச்சர் ஒருவர் தன் பழைய உளியைக் கொடுத்து “இதில் வெட்டிப் பார் தம்பி” என்றார். அதே கை, அதே கல், அதே கோணம். மரம் வெண்ணெயாக விட்டுக் கொடுத்தது. அன்று வந்த மகிழ்ச்சியைவிட ஆத்திரம்தான் அதிகம். மட்டமான கருவி மரத்தைக் கெடுப்பது ஒரு பக்கம். கற்றுக்கொள்ள வந்தவரின் நம்பிக்கையையே கெடுத்து அனுப்பிவிடுகிறது. அப்படி எத்தனை பேர் இந்த வேலையே வேண்டாம் என்று போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருந்தால் நல்ல கருவிதானே?

அது எஃகில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்கிறது. அந்த எஃகை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று சொல்லவில்லை. நல்ல அரிசி வாங்கியது உண்மையாகவே இருந்தாலும் சோறு குழைந்து போகலாம் அல்லவா, அப்படி.

பழைய, புகழ்பெற்ற பெயர் போட்ட கருவியை நம்பி வாங்கலாமா?

பெயர் வேறு, பட்டறை வேறு. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் கருவி உலகத்தில் அதிகம் கைமாறியவை பெயர்கள்தான்.

அமெரிக்கச் சங்கிலிக் கடையான சியர்ஸ் 1927 முதல் விற்ற கிராஃப்ட்ஸ்மன் என்ற கருவிப் பெயரை 2017ல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. அந்த நிறுவனமே 2010ல் இரண்டு பழைய போட்டியாளர்கள் ஒன்றானதால் பிறந்தது. சீனாவின் ஹாங்ஜோ நகரில் இருக்கும் கிரேட்ஸ்டார் நிறுவனம் 2017ல் ஆரோ என்ற அமெரிக்க ஸ்டேப்ளர் நிறுவனத்தையும், 2021ல் எஸ்கே என்ற பழைய சாக்கெட் நிறுவனத்தையும் வாங்கியது. நிக்கல்சன் அரம் 1864ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தது. 1972ல் கூப்பர் நிறுவனத்துக்குப் போய், பின்னாளில் உற்பத்தி லத்தீன் அமெரிக்காவுக்கு நகர்ந்தது.

கைமாறுவதே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. சில நேரம் புது உரிமையாளர் பணம் போட்டு நன்றாக நடத்துவார். ஆனால் உங்கள் தாத்தா வைத்திருந்த ரம்பத்தின் பெயர் இன்று கடையில் தொங்கும் ரம்பத்தில் இருந்தால், இரண்டுக்கும் உள்ள உறவு அந்த எழுத்து மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு, புதுக் கருவியைப் புதிதாகவே சோதியுங்கள்.

‘இன்ன நாட்டில் தயாரானது’ என்ற வாசகத்துக்குச் சட்ட மதிப்பு உண்டா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் அந்த வாசகத்தைத் தனியாகப் போட வேண்டுமானால் பொருள் முழுவதுமோ ஏறக்குறைய முழுவதுமோ அங்கே செய்யப்பட்டிருக்க வேண்டும். 2021ல் அதை மீறினால் அபராதம் என்ற விதியும் வந்தது. ‘உலகப் பொருள்களைக் கொண்டு’ என்று ஒரு வால் சேர்ந்தால் பொருள் மாறிவிடும், அதனால் சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும். ஜெர்மனியில் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயருக்கே 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. முக்கியமான உற்பத்திக் கட்டங்கள் எல்லாம் சோலிங்கன் வட்டாரத்துக்குள் நடந்தால்தான் அந்தப் பெயரைக் கத்தியில் பொறிக்கலாம். ஒரு காலத்தில் அடுத்த ஊர் முத்திரையைப் போலி செய்ததாகப் பழி சுமந்த ஊர், பின்னாளில் தன் பெயருக்கு இப்படி வேலி போட்டுக்கொண்டது.

இறக்குமதிக்கு வரி போட்டால் உள்நாட்டுத் தொழில் பிழைக்காதா?

சில நேரம் மூச்சு விட இடம் கிடைக்கும். 1991ல் அமெரிக்கா, சீனாவிலிருந்து வரும் கோடரி, சம்மட்டி, கடப்பாரை, பிக்காசு போன்ற கனமான அடித்துச் செய்த கருவிகள் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி) விதித்தது. பல முறை நீட்டித்தது. அந்த வகையில் சில உள்நாட்டுப் பட்டறைகள் இன்றும் நிற்கின்றன. ஆனாலும் சந்தை திரும்பி வந்துவிடவில்லை. ஒரு நாட்டை அடைத்தால் அடுத்த நாட்டிலிருந்து வரும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கடம் உண்டு. வரியை எஃகின் மீது போட்டுவிட்டு, செய்து முடித்த கருவியை விட்டுவிட்டால், உள்ளூர்ப் பட்டறைக்காரர்தான் அடி வாங்குவார். அவருடைய மூலப்பொருள் விலை ஏறும். போட்டியாளர் வெளிநாட்டு எஃகில் செய்த சுத்தியலை இறக்கிவிடுவார். உதவி செய்கிறேன் என்று காலை மிதிப்பது போன்றது அது.

ஒருமுறை போன தொழிலைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

பணம் மட்டும் போதாது என்பதற்கு அண்மைய சாட்சி ஒன்று இருக்கிறது. 2019ல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர், கிராஃப்ட்ஸ்மன் ஸ்பானரையும் சாக்கெட்டையும் மறுபடி அமெரிக்காவில் செய்யப் போவதாக அறிவித்தது. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 9 கோடி டாலரில் தொழிற்சாலை, 500 பேருக்கு வேலை, அதிநவீனத் தானியங்கி இயந்திரங்கள். சொந்த நாட்டிலேயே, இறக்குமதிக்கு நெருங்கிய செலவில் செய்துகாட்டுவோம் என்றார்கள். இயந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2023 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? தொழில் என்பது கட்டடமும் இயந்திரமும் மட்டும் என்றால் வாங்கி வைத்துவிடலாம். அச்சுச் செதுக்குபவர், சம்மட்டி இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அச்சு தேய்ந்துவிட்டது என்று சொல்பவர், உலைக்காரர், சாணைக்காரர், அந்தச் சாணைக்குக் கல் செய்பவர் என்று பக்கத்தில் பக்கத்தில் ஒரு கூட்டம் வாழ்ந்தது. ஷெஃபீல்டில் ‘சின்ன மேஸ்திரிகள்’ என்று அழைக்கப்பட்டவர்கள் ஒரே தெருவில் ஆளுக்கு ஒரு வேலை செய்து, ஒரு கத்தியைக் கதவு கதவாக நகர்த்தி முடித்தார்கள். ஒரு கதவு மூடினால் பக்கத்துக் கதவுக்கும் வேலை போகும். அந்தத் தெரு கலைந்தபின் ஒரு தொழிற்சாலையை மட்டும் கொண்டுவந்து நட்டால், அது வேரில்லாமல் தனியாக நிற்கிறது.

நம்பிக்கை தரும் கதையும் அதே ஷெஃபீல்டில் உண்டு. 1902ல் தொடங்கிய எர்னெஸ்ட் ரைட் கத்தரிக்கோல் பட்டறை 2018ல் நொடித்துப்போனது. கத்தரிக்கோலின் இரண்டு அலகையும் பொருத்தி, சுத்தியலால் தட்டித் தட்டி வளைவைச் சரிசெய்து, நுனி வரை சீராக வெட்டவைப்பது தனி வித்தை. அதைக் கற்கப் பல ஆண்டுகள் ஆகும். 2017ல் பிரிட்டனில் முதன்முதலாக வெளியிட்ட அருகிவரும் கைத்தொழில்களின் பட்டியலில் கத்தரிக்கோல் செய்வதும் இடம்பெற்றது. பட்டறையை வாங்கிய புதியவர்கள் செய்த புத்திசாலித்தனம், இருந்த மூத்த கைகளை வரவழைத்து இளையவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்ததுதான். இன்று அங்கே கத்தரிக்கோல் பிறக்கிறது. அந்த மூத்தவர்கள் இன்னும் பத்து வருடம் முன்னதாகவே ஒதுங்கிப் போயிருந்தால், எவ்வளவு பணம் கொட்டியும் பயன் இருந்திருக்காது.

தாக்குப்பிடித்த தயாரிப்பாளர்கள் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேசினால் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

ஜெர்மனியின் வூப்பர்டாலில் 1882ல் தொடங்கிய, குறட்டுக்கே பேர்போன நிப்பெக்ஸ். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் மீட்வில்லில் குறடு செய்யும் சானல்லாக். ஸ்வீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் கோடரிப் பட்டறை. அங்கே அடித்த கொல்லர் தன் பெயரின் முதல் எழுத்துகளைக் கோடரித் தலையில் பொறிக்கிறார். தன் எழுத்தைப் பொறிக்கிறவர் மட்டமான ஒன்றை வெளியே விடுவாரா? அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 1981ல் தொடங்கிய லீ-நீல்சன், ஸ்டான்லி கைவிட்ட ஓரம் சீவும் சின்ன இழைப்புளியை எடுத்து வெண்கலத்தில் வார்த்தது; பெரிய நிறுவனம் லாபமில்லை என்று எறிந்ததே சின்ன நிறுவனத்துக்கு வாழ்வானது. கனடாவின் லீ வேலி தன் வெரிட்டாஸ் கருவிகளில் பழையதை அப்படியே படி எடுக்காமல் புது வடிவமைப்பு செய்கிறது.

இவர்கள் எல்லோரும் மலிவோடு மலிவாக மோதவில்லை. எதை நன்றாகச் செய்யத் தெரியுமோ அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் குடும்பத்தின் கையிலேயே இருந்ததால், காலாண்டுக்கு ஒருமுறை லாபக் கணக்குக் காட்ட வேண்டிய நெருக்கடி இல்லை.

அந்தக் காலம் உண்மையிலேயே பொற்காலமா?

கருவிக்கு ஆம். செய்தவருக்கு இல்லை.

ஷெஃபீல்டில் அரத்தின் பற்களைக் கையால் உளிகொண்டு ஒவ்வொன்றாக வெட்டினார்கள். முதல் பக்கத்துப் பல் நசுங்காமல் இருக்க அரத்தை ஈயக் கட்டையின் மேல் வைத்து வெட்டினார்கள். அந்த ஈயத் தூள் உடம்புக்குள் போய்க் கை மணிக்கட்டுகள் செயலிழந்தன. உலர் சாணையில் முள்கரண்டி தீட்டியவர்கள் கல் தூளை மூச்சில் இழுத்து நுரையீரல் கெட்டு இளவயதிலேயே செத்தார்கள். பழைய கருவியைக் கையில் எடுக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இன்றைய மலிவுக் கருவியின் சாணைப் பட்டறையிலும் அந்தத் தூளை யாரோ மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கலாம். அவர் நமக்கு எதிரி இல்லை. அவருக்கு நல்ல எஃகும் போதுமான நேரமும் முகக்கவசமும் கொடுத்தால் அவரும் அருமையான உளி செய்வார்.

அப்படியானால் மலிவுக் கருவி வாங்கவே கூடாதா?

வாங்கலாம், இடம் பார்த்து. சிமென்ட் கொத்த, பெயின்ட் டப்பா திறக்க, ஆணி பிடுங்க மலிவானதே போதும். வெட்டும் கருவியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பத்து உளித் தொகுப்பைவிட நல்ல உளி இரண்டு மேல். பாதுகாப்பு சம்பந்தப்பட்டவற்றிலும் அப்படியே: தலை கழன்று பறக்கும் சுத்தியல், அழுத்தும்போது வழுக்கும் ஸ்பானர், காப்புறை சரியில்லாத மின்வேலைக் குறடு. இவற்றில் மிச்சம் பிடித்த காசு மருத்துவருக்குப் போய்விடும்.

கடையில் நின்றபடியே தரத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் செய்தவருக்கு அக்கறை இருந்ததா என்று பார்க்க முடியும். அக்கறை இருந்த இடத்தில் பதமும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் பகுதியில் நுனி முதல் அடி வரை வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. உளியின் பின்புறத்தில் ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்துங்கள். நடுவில் புடைப்பு இருந்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்வதற்குள் உங்கள் வாரம் போய்விடும். ரம்பத்தின் முதுகோடு ஒற்றைக் கண்ணால் பாருங்கள், பிறகு லேசாக வளைத்து விடுங்கள். நேராகத் திரும்பி வர வேண்டும். சுத்தியல் கைப்பிடியின் மர இழை தலை முதல் அடி வரை ஓட வேண்டும், குறுக்கே ஓடி வெளியேறினால் அந்த இடத்தில் ஒருநாள் முறியும். அளவு மாற்றும் ஸ்பானரின் தாடையைப் பிடித்து ஆட்டுங்கள். 1892ல் ஸ்வீடனின் யொஹான்சன் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து அந்தக் கருவியின் பலவீனம் அந்த ஆட்டம்தான்.

பெட்டிக்குள் முத்திரையிட்டு, தொடவிடாமல் விற்கும் வெட்டுக்கருவியை நான் வாங்குவதில்லை.

பழைய கருவியை வாங்கிச் சீர்செய்து பயன்படுத்தலாமா?

தாராளமாக. மேல் துரு போகும். ஆழமாகக் குழி விழுந்த துரு, அதுவும் உளியின் பின்புறத்தில் முனைக்கு அருகே இருந்தால், விட்டுவிடுங்கள். வார்ப்பு இரும்பில் விரிசல் இருந்தாலும் வேண்டாம். யாராவது சாணையில் நீலம் பாயும்வரை காய்ச்சியிருந்தால் அந்த இடத்தில் பதம் போயிருக்கும். நீலம் தீரும்வரை பொறுமையாகத் தேய்த்து எடுத்தால் உள்ளே நல்ல எஃகு கிடைக்கும்.

ஒரு நாட்டில் கருவி செய்பவர் இல்லாமல் போனால் என்ன குடி முழுகிவிடும்? வாங்கிக்கொள்ளலாமே?

இந்தக் கேள்விக்கு ஒரு சின்ன முக்கோண அரத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கை ரம்பம் மழுங்கினால் ஒவ்வொரு பல்லையும் முக்கோண அரத்தால் தீட்ட வேண்டும். ரம்பம் எஃகு, அரம் அதைவிடக் கடினமான எஃகு. அரத்தின் மூலைகள் ஊசிமுனை போலக் கூராக இருந்தால்தான் பல்லிடுக்குச் சரியாக வெட்டும். இந்த அரம் செய்வது மிகச் சிரமமான வேலை. பல் வெட்டிய பிறகு உலையில் வைக்கும்போது அந்தப் பல்நுனியிலிருந்து கரி போய்விடாமல் இருக்க, அந்தக் காலத்தில் உப்பும் மாவும் கலந்த குழம்பைப் பூசிக் காய்ச்சினார்கள். அந்த அக்கறை குறைந்ததும் இரண்டு ரம்பம் தீட்டி முடிப்பதற்குள் அரத்தின் மூலை உதிரத் தொடங்கியது. தீட்டுவது எரிச்சலான வேலையாகிவிட்டது. ரம்பம் தீட்டித் தரும் தொழிலாளிகள் ஒருவர் பின் ஒருவராகக் கடையை மூடினார்கள்.

அதே சமயத்தில் பல்நுனியை மட்டும் மின்சார முறையில் கடினப்படுத்திய ரம்பங்கள் வந்தன. நீண்ட நாள் கூர் நிற்கும், விலையும் குறைவு. ஆனால் அந்தப் பல் அரத்தைவிடக் கடினம், எனவே தீட்ட முடியாது. மழுங்கினால் தூக்கி எறிய வேண்டியதுதான். எறிய வேண்டிய ரம்பத்துக்கு யார் நல்ல கைப்பிடி போடுவார்கள்? கைப்பிடிச் செதுக்குபவர் போனார். தீட்ட வேண்டிய ரம்பம் குறைந்ததால் அரம் விற்பதும் குறைந்தது. அரம் குறையக் குறைய அதன் தரம் இன்னும் விழுந்தது.

ஒரு சாமானை இறக்குமதி செய்துகொள்ளலாம். ஆனால் ரம்பம் செய்பவர், அரம் வெட்டுபவர், தீட்டுபவர், அதைக் கையில் பிடிக்கும் தச்சர், இவர்கள் ஒருவரை ஒருவர் தாங்கி நின்ற பந்தல் கண்டெய்னரில் வருவதில்லை. இன்று ஸ்விட்சர்லாந்தின் வலோர்ப் ஊரில் 1899 முதல் அரம் வெட்டும் பட்டறை இருப்பதால்தான் என்னைப் போன்றவர்கள் பழைய ரம்பங்களை உயிரோடு வைத்திருக்கிறோம். என் பெட்டியில் அப்படி ஒரு முக்கோண அரத்தை எண்ணெய்த் துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன். ரம்பம் தீட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர் யாராக இருந்தாலும், முதல் நாள் அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.